சினை நாயின் கடைசி வாரங்கள்: ஈற்றுக்கு முன்பும் ஈற்றின்போதும் கவனிக்க வேண்டியவை

முதன்முறையாகச் சினை நாயைப் பராமரிப்பவர்களில் பலர், குட்டி போடும் இரவில் தாங்களே மருத்துவச்சியாக நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பதறுகிறார்கள். பெரும்பாலான ஈற்றுகளில் நாயே எல்லாவற்றையும் செய்துகொள்கிறது. அருகில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்து, நடப்பதைக் குறித்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் உதவி தேவை என்பதை அறிந்திருந்தால் போதும். ஆகவே ஒரு குறிப்பேடும் பேனாவும்தான் முதல் தேவை. இணை சேர்ந்த நாள், உடல் வெப்பநிலை, வலி தொடங்கிய மணி, ஒவ்வொரு குட்டியும் பிறந்த நேரம் ஆகியவற்றை அதில் எழுதி வந்தால், நள்ளிரவில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது, 'ரொம்ப நேரமாக முக்குகிறது' என்று சொல்வதற்குப் பதிலாக, எத்தனை நிமிடமாக என்று சொல்ல முடியும். அவர் எடுக்கும் முடிவு அந்த ஓர் எண்ணைப் பொறுத்தே அமையும்.

நாட்களைக் கணக்கிடுதல்

நாயின் சினைக்காலம் சராசரியாக 63 நாட்கள். ஆனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57ஆம் நாளிலும் ஈனலாம், 72ஆம் நாள் வரையிலும் தள்ளிப் போகலாம். ஆண் நாயின் விந்தணுக்கள் பெட்டையின் உடலுக்குள் பல நாட்கள் உயிருடன் இருப்பதும், கருமுட்டை வெளிவந்த பிறகு முதிர்வதற்கு இரண்டு நாட்கள் எடுத்துக்கொள்வதும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள். சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை மூலம் கருமுட்டை வெளிவந்த நாளை முன்பே கண்டறிந்திருந்தால், அங்கிருந்து 63 நாட்கள் என்ற கணக்கு ஓரிரு நாட்களுக்கு மேல் பிசகுவதில்லை. அப்படிப் பரிசோதிக்காதவர்கள் ஒரே ஒரு தேதியை நம்பியிருக்காமல், 57ஆம் நாளிலிருந்தே ஆயத்தமாக இருப்பது நல்லது.

ஏறத்தாழ 25ஆம் நாளுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தால் சினை பிடித்திருக்கிறதா என்பது தெரியும். ஆனால் குட்டிகளின் எண்ணிக்கையை ஸ்கேன் சரியாகச் சொல்லாது. அதற்கு எக்ஸ்ரேதான் வேண்டும். குட்டிகளின் எலும்புகள் 45ஆம் நாளையொட்டிப் படத்தில் தெரியத் தொடங்கினாலும், 55ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் படத்தில்தான் மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் தெளிவாக எண்ண முடியும். இந்தப் படத்தை வீண்செலவு என்று தவிர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து குட்டிகள் என்று தெரிந்திருந்தால்தான், நான்காவது குட்டி பிறந்து மூன்று மணி நேரம் கழித்துத் தாய் அசந்து படுத்திருக்கும்போது, ஈற்று முடிந்துவிட்டதா அல்லது ஒரு குட்டி உள்ளே சிக்கியிருக்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

அதே சந்திப்பில் மருத்துவரிடம் பேச வேண்டியவை இன்னும் சில உண்டு. புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பக், பாஸ்டன் டெரியர் போன்ற தட்டை முக இனங்களில் குட்டிகளின் தலை பெரிதாகவும் தாயின் இடுப்பெலும்பு வழி குறுகலாகவும் இருப்பதால், பல நேரங்களில் அறுவைச் சிகிச்சையே முன்கூட்டித் திட்டமிடப்படுகிறது. ஒரே ஒரு குட்டி மட்டும் இருக்கும் சினையும் கவனத்துக்குரியது. தனிக் குட்டி அளவில் பெரிதாக வளர்ந்துவிடுவதோடு, பிரசவத்தைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞையும் அதனிடமிருந்து வலுவாகக் கிடைக்காமல் போகலாம். குடற்புழு மருந்தை எப்போது, எதைக் கொடுப்பது என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும், ஏனெனில் உருண்டைப்புழுவின் இளம் புழுக்கள் கருப்பையில் இருக்கும்போதே குட்டிகளைச் சென்றடைகின்றன. மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் சொந்தமாகக் கொடுக்கக் கூடாது. இரவு நேரத்தில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் அங்கே செல்ல ஆகும் நேரத்தையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஈற்றுக்கு முந்தைய மூன்று வாரங்களும் பிந்தைய மூன்று வாரங்களும் தாயை வெளி நாய்களிடமிருந்து விலக்கி வைப்பது அவசியம். வளர்ந்த நாய்க்கு லேசான சளியாக மட்டுமே வந்து போகும் நாய் ஹெர்பீஸ் வைரஸ், பிறந்த குட்டிகளைக் கொன்றுவிடக்கூடியது.

உணவு

சினையின் முதல் மூன்றில் இரண்டு பங்குக் காலத்தில் உணவை அதிகரிக்கத் தேவையில்லை. ஆறாம் வாரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டி, ஈனும் நேரத்தில் வழக்கமான அளவைவிட 25 முதல் 50 சதவீதம் கூடுதலாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். குட்டிகள் நிறைந்த கருப்பை இரைப்பையை நெருக்குவதால் ஒரே வேளையில் நிறைய உண்ண முடியாது. நாளின் அளவை மூன்று அல்லது நான்கு வேளைகளாகப் பிரித்து வைக்க வேண்டும். வளரும் குட்டிகளுக்கென்று தயாரிக்கப்படும் உணவில் சத்து செறிவாக இருப்பதால், இந்தக் கட்டத்தில் தாய்க்கும் அதையே பரிந்துரைக்கிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சினைக்காலத்தில் கால்சியம் மாத்திரையோ டானிக்கோ கொடுப்பது நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தீங்கையே விளைவிக்கும். வெளியிலிருந்து கால்சியம் தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பில் சேமித்ததை எடுத்து இரத்தத்துக்கு அனுப்பும் சுரப்பி மந்தமாகிவிடுகிறது. குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கித் தேவை திடீரென்று உயரும்போது அந்தச் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாமல், தாய்க்கு வலிப்பு வரக்கூடும். மருத்துவர் குறிப்பிட்டுச் சொன்னாலொழிய கால்சியம் தேவையில்லை.

நடைப்பயிற்சியைக் கடைசி வரை மெதுவாகத் தொடரலாம். குதிப்பது, படியேறி ஓடுவது, மற்ற நாய்களுடன் மல்லுக்கட்டுவது ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும்.

பெட்டியும் இடமும்

குட்டி போடுவதற்கான பெட்டியை ஈனும் நாளுக்குப் பத்து நாட்களாவது முன்பே வைத்து, தாயை அதில் படுத்துப் பழக விட வேண்டும். தாமதமாக வைத்தால், அது தனக்குப் பிடித்த இடத்தை, பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ, தானே தேர்ந்தெடுத்துவிடும். அங்கிருந்து வலியின் நடுவே அதை எழுப்பி இடம் மாற்றுவது நல்லதல்ல. தாய் பக்கவாட்டில் சாய்ந்து கால்களை முழுமையாக நீட்டிப் படுக்கும் அளவுக்குப் பெட்டி அகலமாக இருக்க வேண்டும். சுவர்கள் குட்டிகள் வெளியே உருண்டுவிடாத உயரத்தில் இருந்தாலும், வாசல் பக்கம் மட்டும் தாழ்ந்து, தாய் தன் காம்புகள் உரசாமல் தாண்டிச் செல்லும்படி அமைய வேண்டும். பெட்டியின் உட்சுவரைச் சுற்றிலும், தரையிலிருந்து சற்று உயரத்தில், சுவரிலிருந்து விலகியிருக்குமாறு ஒரு கட்டையோ குழாயோ பொருத்தினால், தாய் சாயும்போது அதன் முதுகுக்கும் சுவருக்கும் இடையே மாட்டும் குட்டிக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். பெரிய இனங்களில் தாயின் எடையால் நசுங்கி இறக்கும் குட்டிகள் கணிசமாக இருப்பதால், இந்தக் கட்டையைத் தேவையற்ற அலங்காரமாகக் கருத வேண்டாம்.

பெட்டியை ஆள் நடமாட்டம் குறைந்த, காற்று நேரடியாக அடிக்காத மூலையில் வையுங்கள். ஈனும்போது கீழே பல அடுக்குச் செய்தித்தாள்களைப் பரப்பினால், நனைந்த அடுக்கை மட்டும் உருவி எடுக்கலாம். ஈற்று முடிந்ததும் குட்டிகளின் கால் வழுக்காத, துவைக்கக்கூடிய விரிப்பை மாற்றிவிட வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் குட்டிகளுக்கு நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளும் திறன் இல்லை. அவை படுக்கும் இடத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைப் பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் கொடுத்து மறுபாதியைக் குளிர்ச்சியாக விட்டால், தாய் மூச்சிரைக்காமல் படுக்க முடியும்; குட்டிகளும் சூடு அதிகமானால் ஊர்ந்து விலக முடியும்.

மற்ற பொருட்கள் எளியவை: டிஜிட்டல் தெர்மாமீட்டர், சுத்தமான சிறு துண்டுகள் (நினைப்பதைவிட இரண்டு மடங்காகவே வேண்டியிருக்கும்), கொதிக்கவைத்த கத்தரிக்கோல், பருத்தி நூல், அயோடின் கரைசல், மூக்குச் சளியை உறிஞ்சும் ரப்பர் குமிழ், கிராம் கணக்கில் காட்டும் தராசு, கையுறை, டார்ச் விளக்கு. நீண்ட முடியுள்ள இனமாக இருந்தால், ஒரு வாரம் முன்பே காம்புகளைச் சுற்றியும் வாலுக்கு அடியிலும் உள்ள முடியைக் கத்தரித்து விடுங்கள்.

வெப்பநிலை சொல்லும் செய்தி

57ஆம் நாளிலிருந்து தினமும் இரண்டு அல்லது மூன்று முறை, ஒரே நேரங்களில், ஆசனவாய் வழியாக வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும். தெர்மாமீட்டரின் முனையில் சிறிது வாசலின் தடவி, ஒரு கையால் வாலைத் தூக்கிப் பிடித்து, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மெல்ல உள்ளே செலுத்தினால் போதும். ஓரிரு நாட்களில் நாய் இதற்குப் பழகிவிடும். வழக்கமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸுக்குள், அதாவது 100.4 முதல் 102.2 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இருப்பது, பிரசவத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, அதாவது 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும். சினையைக் காத்துவந்த புரோஜெஸ்டிரோன் திடீரென்று குறைவதே இந்த வீழ்ச்சிக்குக் காரணம்.

இந்த வீழ்ச்சி சில மணி நேரமே நீடித்து மறுபடியும் ஏறிவிடுவதால், நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். எல்லா நாய்களிலும் அது தெளிவாகத் தெரிவதும் இல்லை. எனவே வெப்பநிலை இறங்கினால் அதை நம்பலாம். இறங்கவில்லை என்பதற்காக இன்று ஈனாது என்று நினைத்து வெளியே கிளம்பிவிட வேண்டாம். வெப்பநிலை இறங்கி 24 மணி நேரம் கடந்தும் வலிக்கான அறிகுறி எதுவும் தோன்றாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதல் கட்டம்: கண்ணுக்குத் தெரியாத வலி

கருப்பை வாய் திறந்துகொள்ளும் இந்தக் கட்டம் பொதுவாக 6 முதல் 12 மணி நேரமும், முதல் ஈற்றில் 24 மணி நேரம் வரையும் நீடிக்கலாம். கருப்பை சுருங்கி விரிந்தாலும் வயிற்றில் வெளிப்படையாக எதுவும் தெரியாது. நாய் உணவை மறுக்கும், மூச்சிரைக்கும், நடுங்கும், ஓரிரு முறை வாந்தி எடுக்கும், விரிப்பைக் கால்களால் பிறாண்டிக் குவிக்கும், தன் பின்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். தெளிந்த அல்லது வெண்மையான கோழை வடிவது இயல்பு.

இந்த நேரத்தில் அருகே ஒருவர், நாய்க்கு மிகவும் பழக்கமானவர், அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். வேடிக்கை பார்க்க வீட்டார் அனைவரும் கூடினால் நாய் பதற்றமடைந்து வலி நின்றுபோகவும் கூடும். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். உணவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சிறுநீர் கழிக்க வெளியே கேட்டால், கழுத்துப் பட்டையில் கயிற்றைப் பூட்டி, டார்ச்சும் துண்டும் கையில் எடுத்துக்கொண்டு கூடவே செல்லுங்கள். மலம் கழிப்பதுபோல் குந்தும் நாய் இருட்டில் ஒரு குட்டியைப் போட்டுவிட்டு வருவது அரிதான நிகழ்வன்று.

இரண்டாம் கட்டம்: குட்டிகள் வெளிவருதல்

வயிற்றுத் தசைகள் இறுகித் தளர்வது கண்ணால் பார்க்கும்படி ஆரம்பித்ததும், அந்த மணியை எழுதுங்கள். சற்று நேரத்தில் கருமையான நீர்க்குமிழ் போன்ற பனிக்குடப் பை பிறப்புறுப்பின் வாயில் தென்படும். அது உடைந்து வைக்கோல் நிற நீர் வெளியேறலாம். பிறகு தலையோ பின்கால்களோ தெரியும். ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குட்டிகள் பின்கால் முதலாகவே பிறக்கின்றன என்பதால், வாலும் பாதங்களும் முதலில் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பின்கால்கள் வயிற்றுப் பக்கம் மடங்கி, புட்டமும் வாலும் மட்டும் தெரிந்தால்தான் சிக்கல்.

குட்டி பெரும்பாலும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் வழுக்கிக்கொண்டு வந்து விழும். தாய் உடனே திரும்பிச் சவ்வை நக்கிக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடைவாயால் கடித்துத் துண்டித்து, குட்டியைப் புரட்டிப் புரட்டி நக்கும். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாகத் தோன்றும் அந்த நக்கல்தான் குட்டியை முதல் மூச்சு இழுக்க வைக்கிறது, அதைத் தடுக்காதீர்கள்.

தாய் ஒரு நிமிடத்துக்குள் சவ்வைக் கிழிக்காவிட்டால் மட்டும் கை வைக்க வேண்டும். முதலில் முகத்தின் மேல் உள்ள சவ்வை விரல்களால் கிள்ளிக் கிழித்து, பின்னோக்கி வழித்து எடுங்கள். குட்டியின் தலையும் கழுத்தும் அசையாதபடி துண்டோடு உள்ளங்கையில் பிடித்து, தலையைச் சற்றே தாழ்த்தி, வாயிலும் பிறகு மூக்கிலும் உள்ள நீரை ரப்பர் குமிழால் உறிஞ்சுங்கள். அடுத்து முதுகையும் விலாவையும் துண்டால் விறுவிறுவென்று தேய்க்க வேண்டும். கருநீலமாக இருக்கும் நாக்கு மெல்ல இளஞ்சிவப்பாக மாறி, வாய் திறந்து ஒரு கீச்சுக்குரல் எழுந்தால், குட்டி மூச்சு விடத் தொடங்கிவிட்டது. குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி நீரை வெளியேற்றும் பழைய முறையை இப்போது மருத்துவர்கள் ஏற்பதில்லை; அதனால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம். உடனே அசையாத குட்டியைக் கைவிட வேண்டாம். கால் மணி நேரமாவது தேய்த்துப் பாருங்கள்.

கொடியைத் தாய் கடிக்காவிட்டால், குட்டியின் வயிற்றிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி நூலால் இறுகக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, நுனியை அயோடினில் நனையுங்கள். வெட்டும்போதும் அதற்கு முன்பும் கொடியைக் குட்டியிடமிருந்து விலக்கி இழுக்கக் கூடாது. பின்பு குட்டியின் வாயைத் திறந்து மேல் அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பார்த்து, எடை போட்டு, குறித்துவிட்டுத் தாயின் காம்பருகே வையுங்கள். குட்டி பால் சப்புவதே அடுத்த சுருக்கத்தைத் தூண்ட உதவுகிறது.

ஒவ்வொரு குட்டிக்குப் பின்னும் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழும். சில நேரங்களில் இரண்டு குட்டிகள் பிறந்த பிறகு இரண்டும் சேர்ந்து வரும். எண்ணிக்கையை எழுதுங்கள், ஆனால் தொங்கும் கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். தாய் அவற்றைத் தின்ன முயலும். ஒன்றிரண்டுக்கு மேல் தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம் என்பதால் மற்றவற்றை அப்புறப்படுத்தலாம்.

இரண்டு குட்டிகளுக்கு இடையே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். வலியில்லாமல் தாய் இளைப்பாறும் நேரமும் இதில் அடங்கும்.

மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம்

முதல் குட்டி பிறப்பதற்கு முன்பே கரும்பச்சை நீர் வடிந்தால், நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். உள்ளே இருக்கும் குட்டிக்கு ஆக்சிஜன் குறைந்துகொண்டிருக்கிறது. இது காத்திருக்கும் நேரமன்று. ஒரு குட்டி பிறந்த பிறகு அதே பச்சை நிறம் வடிவது இயல்பானதே.

தாய் 30 நிமிடம் இடைவிடாமல் வலுவாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், பலவீனமான வலி இரண்டு மணி நேரம் நீடித்தாலும், உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் முந்தைய குட்டிக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுத்தது வராவிட்டாலும், புதிய இரத்தம் கொட்டினாலும், தாய் துவண்டு படுத்துவிட்டாலும் உடனே அழைக்க வேண்டும். குட்டி பாதியில் சிக்கி நின்றால், தொலைபேசியில் மருத்துவர் வழிகாட்ட, துண்டால் குட்டியின் உடலைப் பற்றி, தாய் முக்கும்போது மட்டும், தாயின் பின்னங்கால் குதிகளை நோக்கிக் கீழ்வாக்கில் மென்மையாக இழுக்கலாம். தலையையோ ஒற்றைக் காலையோ பிடித்து இழுத்தால் குட்டிக்குக் காயம் நிச்சயம்.

வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் ஊசியைக் கையிருப்பாக வைத்துத் தாங்களே போடுபவர்கள் இருக்கிறார்கள். வழி அடைபட்டிருக்கும்போது அதைப் போட்டால் கருப்பை கிழியலாம், குட்டிகளும் இறக்கலாம். ஆகவே அந்த ஊசியை மருத்துவர் பரிசோதித்துவிட்டுப் போடுவதே முறை. மருத்துவமனைக்குச் செல்லும்போது பிறந்த குட்டிகளையும் ஒரு சூடான பெட்டியில் வைத்து உடன் கொண்டு செல்லுங்கள். குறிப்பேட்டையும் மறக்க வேண்டாம்.

பிறந்த பிறகு

ஒவ்வொரு குட்டியும் முதல் 12 மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருட்களைக் குட்டியின் குடல் உறிஞ்சும் ஆற்றல் ஒரு நாளுக்குள் நின்றுவிடுகிறது. சிறிய குட்டிகளை வலியவை தள்ளிவிடுவதால், பால் நன்றாகச் சுரக்கும் பின்பக்கக் காம்புகளில் அவற்றை நீங்களே பிடித்து வையுங்கள். உடல் சில்லென்று இருக்கும் குட்டிக்கு மட்டும் பால் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது என்பதால், முதலில் நெஞ்சோடு அணைத்தோ வெதுவெதுப்பான துணியில் சுற்றியோ மெதுவாகச் சூடேற்ற வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். முதல் நாளில் சிறிது குறையலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, இரண்டாம் நாளுக்குப் பிறகும் ஏறாவிட்டாலோ கவனிக்க வேண்டும். நன்றாக வளரும் குட்டி பத்து நாட்களுக்குள் பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்காகிறது. வயிறு நிறைந்த குட்டிகள் தூங்கும். ஓயாமல் கத்தும் குட்டிக்குப் பசியோ குளிரோ நோயோ இருக்கிறது.

தாய்க்குச் சில வாரங்கள் வரை பச்சை கலந்த பழுப்பு நிறமாகவும் பிறகு செம்பழுப்பாகவும் நீர் வடிந்து படிப்படியாகக் குறையும். அது துர்நாற்றம் அடித்தாலோ, காய்ச்சலுடன் தாய் குட்டிகளைப் புறக்கணித்தாலோ கருப்பையில் தொற்று இருக்கலாம். மடியையும் தினமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பகுதி மட்டும் கல்லாக இறுகிச் சூடாகச் சிவந்திருந்தால் அது மடிவீக்கம், அதற்கு மருத்துவம் தேவை.

கால்சியம் குறைவால் வரும் வலிப்பு பெரும்பாலும் ஈன்ற இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள், பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும்போது, குறிப்பாக நிறையக் குட்டிகள் ஈன்ற சிறிய இனத் தாய்களிடம் தோன்றுகிறது. காரணமின்றி அலைந்து மூச்சிரைப்பது, முகத்தைத் தேய்த்துக்கொள்வது, கால்கள் விறைத்துத் தள்ளாடுவது, தசைகள் துடிப்பது ஆகியவை அதன் தொடக்கம். அந்த நிலையில் குட்டிகளை உடனே பிரித்துவிட்டு, வாய்வழி மருந்து எதையும் முயலாமல், தாயை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். இரத்தக் குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் விரைவில் தேறிவிடும். அதுவரை குட்டிகளுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றான நாய்க்குட்டிப் பால்மாவைக் கரைத்துக் கொடுங்கள். நாயின் பாலில் உள்ள புரதத்திலும் கொழுப்பிலும் பாதியளவுகூடப் பசும்பாலில் இல்லாததால் அது ஈடாகாது. புட்டியில் பால் கொடுக்கும்போது குட்டியை மல்லாக்கப் பிடிக்காமல், தாயிடம் குடிப்பதைப் போலவே வயிறு கீழே இருக்கும்படி வைத்துக் கொடுத்தால்தான் பால் மூச்சுக்குழாய்க்குள் போகாது. குடித்து முடித்ததும், தாயின் நாக்கு செய்யும் வேலையை ஈரப் பஞ்சால் நீங்கள் செய்ய வேண்டும்: வாலுக்கு அடியில் மென்மையாகத் தடவினால்தான் குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கும்.